அடைவும் வாசகரும்: நிகண்டிலிருந்து செய்நிரல் மொழிக் கையேடு வரை

நூல்களின் வரலாற்றை எழுதுவோர் ஆசிரியரைப் பற்றியும் உரைகாரரைப் பற்றியும் பதிப்பாசிரியரைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். நூலின் இறுதியிலே சிறிய எழுத்தில் அச்சிடப்பெறும் அடைவைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அடைவு என்பது பதிப்பகத்தின் கடைசி நேர வேலை, அறிவு சார்ந்த முயற்சியன்று என்னும் எண்ணம் பரவலாக உண்டு. கூர்ந்து நோக்கின் இவ்வெண்ணம் பொருந்தாது. ஒரு பொருளை எந்தச் சொல்லின்கீழ் நிறுத்துவது என்று தீர்மானிப்பவர், அப்பொருளைத் தேடி வரக்கூடியவர் யார் என்பதையும் உடன் தீர்மானிக்கின்றார். தம் சொல்லையே வாசகரும் அறிந்திருப்பர் எனக் கொண்டு அடைவு செய்பவர், அச்சொல்லை அறியாத வாசகர் அனைவரையும் வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றார்.

செய்நிரல் மொழிகளுக்கான கையேடுகள் இப்பிரச்சினையை இன்று கூர்மையாக எழுப்புகின்றன. கதையையோ வரலாற்றையோ முதற் பக்கத்திலிருந்து வாசிக்கலாம். செய்நிரல் மொழிக் கையேட்டை அவ்வாறு வாசிப்பவர் அரியர். வேலை நடுவில் ஓரிடத்தில் தடை ஏற்படும்போதே அதனைத் திறக்கின்றோம். அவ்வேளையில் நூலின் வாயிலாக அமைவது அடைவே. வாயில் தெளிவற்றிருப்பின், உள்ளே எத்துணைத் தெளிவாக எழுதியிருப்பினும் பயனில்லை.

அம்பாறைக் கரையில் ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்த பாலமுனை போன்ற ஊர்களை மனத்திற் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. நெல்வயலையும் கடலையும் நம்பி வாழ்ந்த தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் ஊர்கள் இவை. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுமையான பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இவற்றின் அண்மையில் ஒலுவிலில் உள்ளது. க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தமிழ்மொழி மூலம் கற்கும் மாணாக்கர் பைத்தன் என்னும் செய்நிரல் மொழியைப் பயில்கின்றனர். பாடநூல் தமிழில் உண்டு. பாடநூலுக்கு அப்பால் ஓரடி வைத்தால் ஆங்கிலக் கையேடு. அதனைத் தவிர்த்துத் தமிழில் தேடினால், பெரும்பாலும் தமிழகத்துக் கலைச்சொற்களால் எழுதப்பட்ட நூல். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் மாணாக்கருக்கு அடைவு எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் வினாவிற்கு விடைகாண, தமிழர் அடைவு செய்த வரலாற்றை முதலில் நோக்குதல் பொருத்தமாகும்.

மனனம் செய்தோரின் அடைவு

தமிழிலே சொற்களைத் தொகுத்து ஒழுங்குபடுத்தும் முயற்சி நிகண்டுகளில் தொடங்குகின்றது. சேந்தன் திவாகரம் சொற்களைப் பன்னிரு தொகுதிகளாக வகுக்கின்றது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்றவாறு பொருள்வழி செல்லும் தொகுதிகளோடு, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் தொகுதியும் அதிலுண்டு. இவ்வமைப்பு அக்காலத்தார் உலகைக் கண்ட முறையினைக் காட்டும் அரிய சான்று. எனினும் ஒரு சொல்லைத் தேடுபவர் அது எவ்வகைப் பொருள் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். பொருள் தெரியாமையினாலேயே சொல்லைத் தேடுபவருக்கு நிகண்டு நேரடியாக உதவுவதில்லை.

பிற்காலத்து எழுந்த மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு, ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதியை எதுகை முறையில் அடுக்குகின்றது. ககர எதுகை, ஙகர எதுகை எனச் சொல்லின் இரண்டாம் எழுத்தே இடத்தைத் தீர்மானிக்கின்றது. செய்யுளை மனனம் செய்வோருக்கும் எதுகை தேடும் புலவருக்கும் இது மிக வசதியானது. இங்குக் கருதப்பட்ட வாசகர், ஆசிரியரிடம் பாடங்கேட்டு நிகண்டு முழுவதையும் நெஞ்சிற் பதித்த மாணாக்கர். அவருக்கு அடைவு ஏட்டில் இல்லை, நினைவிலே உள்ளது.

இதனையொத்த நிலை அறபு மரபிலும் காணப்படுவது சிந்தனைக்குரியது. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அல்ஜவ்ஹரீயின் 'ஸிஹாஹ்' என்னும் அகராதி, சொற்களை அவற்றின் வேரெழுத்துகளுள் இறுதியானதைக் கொண்டு வரிசைப்படுத்தியது. 13ஆம் நூற்றாண்டில் இப்னு மன்ழூர் தொகுத்த 'லிஸானுல் அறப்' அம்முறையையே பின்பற்றியது. செய்யுள் இயற்றுவோர் இயைபு தேடுவதற்கு இம்முறை உதவியது என்பது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. தமிழ்ப் புலவரும் அறபுப் புலவரும் ஒருவரையொருவர் அறியாமலே செய்யுளின் தேவைக்கேற்ப அடைவினை அமைத்துக்கொண்டனர்.

அறபு மரபின் மற்றொரு கூறு வேர்ச்சொல் வழி அடுக்குதல். முகம்மது புஆத் அப்துல் பாக்கீ 1945இல் கெய்ரோவில் வெளியிட்ட குர்ஆன் சொல்லடைவு இம்முறையிலானது. 'மஸ்ஜித்' என்னும் சொல்லை அதில் மீம் எழுத்தின்கீழ்த் தேடுபவர் காணமாட்டார். சிரம்பணிதலைக் குறிக்கும் ஸீன், ஜீம், தால் என்னும் வேரின்கீழேயே காண்பர். மதரசாவில் அறபு இலக்கணம் பயின்றோருக்கு இது இயல்பானது. பள்ளிவாசலுக்கு நாள்தோறும் சென்றும் இலக்கணம் பயிலாத ஒருவருக்கோ, நன்கறிந்த சொல்லே அடைவில் மறைந்துபோகின்றது. அவ்வடைவு பிழையானதன்று, அது தன் வாசகரைத் தெரிந்தெடுத்துக்கொண்ட அடைவு. செய்நிரல் மொழிக் கையேடுகள் பலவற்றுக்கும் இவ்வுண்மை பொருந்துவதைப் பின்னர்க் காண்போம்.

எழுத்தறிந்தோரின் அடைவு

இரேவண சித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்து வரிசையில் நிறுத்திய வகையில் ஒரு திருப்பமாகும். 'அகராதி' என்னும் பெயரே வரிசை முறையைக் குறிப்பது. பின்னரே அது அவ்வகை நூலுக்குப் பெயராயிற்று. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளாக அமைந்தது. நிகண்டு மரபின் உள்ளடக்கத்தை ஐரோப்பிய அகராதி முறையின் ஒழுங்குக்குள் கொணர்ந்தமை அதன் சிறப்பு. 1842இல் மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி இம்மரபினை ஈழத்தில் நிலைநிறுத்தியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் அநுபந்தம் 1939இல் முற்றுப்பெற்றது.

இம்மாற்றத்தை உத்தி மாற்றமாக மட்டும் கொள்ளலாகாது. அகர வரிசைக்குப் பொருளறிவு வேண்டுவதில்லை, செய்யுளறிவு வேண்டுவதில்லை, குருகுல வாசமும் வேண்டுவதில்லை. எழுத்துகளின் ஒழுங்கை அறிந்த எவரும் தேடலாம். அச்சும் பாடசாலையும் உருவாக்கிய புதிய வாசகர் கூட்டத்திற்கு உரிய கருவி அது. மிஷனரிமாரின் சமய நோக்கமும் குடியேற்ற ஆட்சியின் நிருவாகத் தேவையும் அதன் வளர்ச்சிக்குத் துணைநின்றன என்பது உண்மையே. ஆயினும் அதன் விளைவு அந்நோக்கங்களைக் கடந்து சென்றது. அறிவின் திறவுகோல் ஆசிரியரின் நினைவிலிருந்து வாசகரின் கைக்கு மாறியது.

உ. வே. சாமிநாதையரின் பதிப்புகள் அடுத்த கட்டத்தைக் குறிப்பன. 1887இல் சீவக சிந்தாமணியுடன் தொடங்கிய பெரும் பதிப்புப் பணியில், மூலமும் உரையும் தருவதோடு நில்லாது, அரும்பதங்கள் முதலியவற்றுக்கு அகராதி சேர்க்கும் வழக்கத்தையும் அவர் நிலைபெறச் செய்தார். பின்னர் வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் வெளிவந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவினை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. தோமஸ் லேமன், தோமஸ் மால்ட்டன் ஆகியோரின் சங்க இலக்கியச் சொல்லடைவு 1992இல் கணினியின் துணைகொண்டு உருவாயிற்று.

சொல்லடைவுக்கும் பொருளடைவுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடத்து வரையறுத்தல் அவசியம். சொல்லடைவு ஒரு சொல் வரும் இடங்கள் அனைத்தையும் தருவது. அதன் பெருமை முழுமையில் உள்ளது. பொருளடைவு தேவையான இடத்தை மட்டும் காட்டுவது. அதன் பெருமை தெரிவில் உள்ளது. ஆய்வாளருக்கு முன்னையது வேண்டும். வேலை நடுவில் தடைப்பட்டு நிற்பவருக்குப் பின்னையதே வேண்டும். பின்னையதன் பெயரால் முன்னையதைத் தருவதே இன்றைய கையேடுகளில் காணப்படும் குறைகளுள் முதன்மையானது.

இரங்கநாதனின் சங்கிலி

அடைவுப் பதிவின் தெளிவினை ஒரு கோட்பாட்டுப் பிரச்சினையாக எடுத்து ஆராய்ந்தவர்களுள் தமிழகம் தந்த சீ. இரா. இரங்கநாதன் முதன்மையானவர். 1892இல் சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராகப் பணியாற்றி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பதும், வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பதும் இடம்பெற்றன. நூலகம் நூல்களைக் காக்கும் இடம் என்ற நிலை மாறி, வாசகருக்குரிய இடம் ஆகவேண்டும் என்பதே அவ்விதிகளின் உட்கிடை.

அவர் வகுத்த சங்கிலி அடைவு முறை பின்வருமாறு செயற்படும். ஒரு பொருள் பரந்த துறையிலிருந்து நுண்ணிய கூறு வரை படிப்படியாக இறங்கும் சங்கிலியின் ஒரு கண்ணியாகக் கருதப்படுகின்றது. அடைவு செய்பவர் கடைசிக் கண்ணியிலிருந்து மேல்நோக்கிச் சென்று, தேடப்படக்கூடிய ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பதிவு எழுதுகின்றார். ஒவ்வொரு பதிவிலும் அதன் மேலுள்ள கண்ணிகளுள் வேண்டியன சூழலாக நிற்கும். செய்நிரல் துறையிலிருந்து எடுத்துக்காட்டுக் கூறின், சரத்தைப் பிரித்தல் என்னும் பொருளுக்கு 'பிரித்தல், சரம், பைத்தன்' என ஒரு பதிவும், 'சரம், பைத்தன்' என மற்றொன்றும், 'பைத்தன், செய்நிரல் மொழி' என வேறொன்றும் அமையும். எந்தக் கண்ணியைப் பிடித்து வந்தாலும் வாசகர் இடத்தை அடைவார். தாம் அடைந்த இடம் எதற்குள் அடங்கியது என்பதையும் அறிவார். 1950இல் வெளிவரத் தொடங்கிய பிரித்தானிய தேசிய நூற்பட்டியல் இம்முறையைக் கைக்கொண்டது.

செய்நிரல் மொழிக் கையேடுகளின் அடைவு

செய்நிரல் மொழிகளின் வரலாற்றில் அடைவு தொடக்கத்திலேயே கவனம் பெற்றது. பீற்றர் நவுர் பதிப்பித்து 1960இல் வெளிவந்த அல்கோல் 60 அறிக்கையின் இறுதியில், கருத்துகளுக்கும் இலக்கண அலகுகளுக்கும் உரிய அகரவரிசை அடைவு சேர்க்கப்பட்டது. அதன் பதிவுகள் ஒரு சொல் வரையறுக்கப்படும் இடம், பிற சூத்திரங்களில் எடுத்தாளப்படும் இடம், உரைநடையில் விளக்கப்படும் இடம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டின. பக்க எண்ணுக்குப் பதிலாகப் பிரிவு எண்களே தரப்பட்டமையால், மறுபதிப்பிலும் அடைவு பழுதடையவில்லை. கூட்டற் குறி முதலிய அடையாளங்கள் தொடக்கத்தில் தொகுக்கப்பட்டு, அவற்றின் பெயர்களுக்கு வழிகாட்டப்பட்டது. குறியைக் கண்டு அதன் பெயரை அறியாதவருக்கும் அங்கு இடமிருந்தது. அளவிற் சிறிய ஓர் அறிக்கையிலேயே இத்துணை அக்கறை காட்டப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது.

பிற்காலத்துக் கேர்ணிகன், றிற்சி ஆகியோர் எழுதிய சீ மொழி நூலின் 1988ஆம் ஆண்டுப் பதிப்பில், தன்னைத்தானே அழைத்தல் என்னும் கருத்துக்குரிய அடைவுப் பதிவு, ஏனைய பக்கங்களோடு அப்பதிவு நிற்கும் 269ஆம் பக்கத்தையே சுட்டுகின்றது. நகைச்சுவையாகச் செய்யப்பட்ட இது, அடைவினை ஆசிரியர் தம் கையாலேயே பேணினர் என்பதற்கும் சான்றாகும்.

கையேடுகள் தாளிலிருந்து கணினித் திரைக்கு மாறியபோது அடைவு செய்யும் பணியும் மாறியது. பைத்தன் கையேட்டுக்காக உருவாக்கப்பட்டு 2008இல் வெளியான ஸ்பிங்ஸ் என்னும் மென்பொருள், உரையின் நடுவிலேயே அடைவுக் குறிப்பை எழுதிவைக்க வழிசெய்தது. இரு சொற்களைத் தந்தால் அவற்றை முறைமாற்றி இரு பதிவுகளாக்குதல், மூன்று தந்தால் மூன்றாக்குதல், 'காண்க' என்னும் வழிகாட்டலைச் சேர்த்தல் ஆகிய வசதிகள் அதிலுண்டு. நோக்கத்தில் இது இரங்கநாதனின் சங்கிலிக்கு நெருங்கிய உறவுடையது. ஆயினும் கருவி இருப்பது வேறு. அதனை வாசகர் நிலையில் நின்று பயன்படுத்துவது வேறு. பெரும்பாலான பதிவுகள் சார்புகளின் பெயர்களிலிருந்து தாமாகவே உருவாகின்றன. 'ஓப்பன்' என்னும் பெயர் பைத்தன் அடைவில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல தடவை வருகின்றது. ஒவ்வொன்றும் எந்தக் கூறுக்கு உரியது என்பது அடுத்து நிற்கும் குறிப்பினாலேயே விளங்கும். அக்குறிப்பும் இல்லாவிடின் அவை யாவும் ஒரே முகமுடையவையாக நிற்கும். அன்றியும், பெயரை அறிந்தவருக்கே பெயர்வழி அடைவு உதவும். கோப்பொன்றைத் திறக்க விரும்பி, அதற்குரிய சார்பின் பெயரை அறியாத மாணாக்கர், மஸ்ஜித் என்னும் சொல்லை மீமின்கீழ்த் தேடியவரின் நிலையிலேயே நிற்கின்றார்.

தமிழில் எழுதப்படும் கையேட்டில் இக்குறை எவ்வாறு தோன்றும், எவ்வாறு நீங்கும் என்பதைக் கற்பிதமான ஓர் எடுத்துக்காட்டினாற் காட்டலாம். 'சரம் 14, 17, 18, 23, 31, 32, 40, 58, 61' என்னும் பதிவு ஒன்பது கதவுகளைக் காட்டி எதனுள் என்ன உள்ளது என்று கூறாமல் விடுகின்றது. அதே செய்தியைப் பின்வருமாறு தரலாம்:

சரம் (எழுத்துகளின் தொடர்)
– இணைத்தல் 31
– எண்ணாக மாற்றுதல் 40
– நீளம் அறிதல் 23
– பிரித்தல் 58
– வரையறை 14
எழுத்துத் தொடர், காண்க: சரம்
சொற்றொடரைத் துண்டாக்கல், காண்க: சரம் – பிரித்தல்

போகிற போக்கிற் சொல் தோன்றும் பக்கங்கள் நீக்கப்பட்டன. எஞ்சியவை செயலின் பெயரால் அடையாளம் பெற்றன. கலைச்சொல்லை அறியாதவர் கையாளக்கூடிய சொற்களிலிருந்தும் வழி திறக்கப்பட்டது. பதிவு நீண்டது, தேடும் நேரமோ குறுகியது.

ஒருசொற் பல்பொருள்

தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட செய்நிரல் மொழியில் இப்பிரச்சினை புதிய வடிவம் பெறுகின்றது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி பற்றிய ஆய்வுரை 2009இல் வெளிவந்தது. 'பதிப்பி', 'ஆனால்', 'இல்லை', 'ஆக', 'வரை', 'முடி', 'பின்கொடு' முதலியன அதன் கட்டளைச் சொற்கள். நிபந்தனையை முன்னும் 'ஆனால்' என்னும் சொல்லைப் பின்னும் வைக்கும் அதன் தொடரமைப்பு, தமிழ்த் தொடரின் இயல்பினை மதிப்பது; பாராட்டத்தக்கது.

ஆனால் இம்மொழியின் கையேட்டுக்கு அடைவு செய்பவரின் இடர்ப்பாட்டை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆங்கிலக் கட்டளைச் சொல் தமிழ் உரைநடையின் நடுவே அந்நியமாகத் தனித்து நிற்கும். 'வரை', 'ஆக', 'இல்லை' ஆகியனவோ ஒவ்வொரு பக்கத்திலும் சாதாரணச் சொற்களாகவும் வரும். 'வரை' மலையைக் குறிக்கும், எல்லையைக் குறிக்கும், சித்திரம் தீட்டு என ஏவும். 'முடி' மகுடமும் ஆகும், தலைமயிரும் ஆகும், கட்டு என்னும் ஏவலும் ஆகும். நிகண்டு ஆசிரியர்கள் ஒருசொற் பல்பொருள் எனத் தனித் தொகுதி வகுத்ததன் காரணம் இங்கு மீண்டும் உயிர்பெறுகின்றது. எனவே 'வரை' என வெறுமனே எழுதுதல் போதாது. 'வரை (மீள்செயற் கட்டளை)' எனவும், 'முடி (கட்டளைத் தொகுதியை நிறைவுசெய்தல்)' எனவும் பதிவு தன்னைத்தானே விளக்கி நிற்றல் வேண்டும். தாய்மொழியில் செய்நிரல் எழுதும் உரிமையோடு, அம்மொழியின் பல்பொருட் செல்வத்தைக் கட்டியாளும் பொறுப்பும் சேர்ந்தே வருகின்றது.

வரிசையின் சிக்கல்

அகர வரிசை எழுத்தறிந்த எவருக்கும் உரியது என மேலே கூறினோம். கணினி அவ்வுரிமையை ஓசையின்றிப் பறித்துவிடக்கூடும். தமிழ் எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிவன என்பதைத் தொல்காப்பியம் தன் முதற் சூத்திரத்திலேயே கூறுகின்றது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 1988இல் வகுக்கப்பட்ட தரத்தைத் தழுவியமைந்தது. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. ளகரம் ழகரத்துக்கு முன் வருகின்றது. ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் அமைகின்றது. புள்ளிக்குரிய குறியெண் உயிர்க்குறிகளுக்குப் பின்னே உள்ளது.

இதன் விளைவினை நான்கு சொற்களிலே காணலாம். அணி, அளவு, அறிவிப்பு, அனுப்புதல் என்பது தமிழ் அகராதி வரிசை. குறியெண்களைக் கொண்டு மட்டும் அடுக்கினால் அணி, அனுப்புதல், அறிவிப்பு, அளவு எனப் பின் மூன்றும் தலைகீழாகும். அகராதியில் 'பக்கம்' முன்னும் 'பகுதி' பின்னும் வரும். குறியெண் வரிசையில் 'பகுதி' முந்திக்கொள்ளும். குறியெண் வரிசை வேறு, மொழியின் அகர வரிசை வேறு என்பதையும், பின்னையதற்குத் தனி விதிகளைப் பயன்படுத்தல் வேண்டும் என்பதையும் ஒருங்குறி அமைப்பே வலியுறுத்துகின்றது. விதிகள் கிடைக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவதே பிழை. பாடசாலையிற் கற்ற வரிசையில் ஒரு சொல்லைத் தேடிக் காணாத மாணாக்கர், அச்சொல் நூலிலேயே இல்லை என்று முடிவு செய்துவிடுவார். பிழையான பதிவு வாசகரை அலையவைக்கும். பிழையான வரிசை அவரைத் திருப்பியனுப்பிவிடும்.

இரு கரைச் சொற்கள்

பாலமுனை மாணாக்கரின் தனித்த இடர்ப்பாடு இங்கேதான் தெளிவாகின்றது. இலங்கையில் 'செய்நிரல்' எனவும் முன்னர் 'நிகழ்ச்சித்திட்டம்' எனவும் வழங்கியதைத் தமிழகம் 'நிரல்' என்கின்றது. 'கணனி' என இங்கு நெடுங்காலம் எழுதப்பட்டது அங்குக் 'கணினி'. தமிழகப் பாடநூல்களின் 'செயற்கூறு', 'மடக்கு' ஆகியன, சார்பு, மீள்செயல் எனப் பயின்றோருக்கு உடனே விளங்குவன அல்ல. இலங்கை அலுவலகத் தமிழில் 'கோவை' எனப்படுவது தமிழகத்தில் 'கோப்பு'. கோவை என்றால் அங்கு ஒரு நகரமும் ஒரு கொடியும் ஓர் இலக்கிய வகையுமே முதலில் நினைவுக்கு வரும்.

இவ்வேறுபாடு செய்நிரல் துறைக்கு மட்டும் உரியதன்று. முஸ்லிம் தமிழ் இலக்கியத்தை முறையாக ஆய்வுலகின் முன்வைத்த எம். எம். உவைஸ், 1953இல் வெளியிட்ட நூலின்வழி மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் ஆகிய வகைகளைப் பரந்த வாசகருக்கு அறிமுகஞ் செய்தார். 1572ஐச் சேர்ந்த ஆயிர மசலா, வினாவும் விடையுமாக அமைந்த நூல். இலக்கிய வரலாற்று அடைவொன்றில் 'வினாவிடை இலக்கியம், மேலும் காண்க: மசலா' என ஒரு வரி இல்லாவிடின், அவ்வகையை அறியாத ஆய்வாளர் அந்நூலைக் கடந்து சென்றுவிடுவார். பாலமுனை பாறூக்கின் குறுங்காவியமான 'தோட்டுப்பாய் மூத்தம்மா' இன்னொரு சான்று. மூத்தம்மா என்றால் பாட்டி என்பதைக் கிழக்குக்கரை முஸ்லிம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேறோர் ஊரில் அடைவு செய்பவர் அதனை அறிந்து 'பாட்டி' என்பதிலிருந்து வழிகாட்டினாலன்றி அந்நூல் தேடுவோர் கண்ணிற் படாது. கவிஞரின் பெயரும் அவ்வாறே: இங்குப் 'பாறூக்' என றகரமிட்டு எழுதுவது வழக்கு, 'பாரூக்' எனத் தேடுபவருக்கு அகர வரிசையில் அவர் எட்டாத இடத்தில் இருப்பார்.

சொற்களைத் தரப்படுத்திவிட்டால் இச்சிக்கல்கள் தீர்ந்துவிடும் என வாதிப்போர் உளர். தரப்படுத்தலின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் இரு நாடுகளின் கல்வித் திணைக்களங்களும் பாடநூற் குழுக்களும் ஒருமித்த முடிவுக்கு வரும்வரை மாணாக்கர் காத்திருக்க முடியாது. அன்றியும் தரப்படுத்தல் என்ற பெயரில் சிறிய கரையின் சொல் பெரிய கரையின் சொல்லுக்கு வழிவிடுவதே பெரும்பாலும் நிகழ்வது. 'காண்க' என்னும் ஒரு சொல் இவ்விரு தீமைகளையும் தவிர்க்கின்றது. நூலாசிரியர் தாம் விரும்பிய கலைச்சொல்லை உரையில் ஆளலாம். வாசகர் தாம் அறிந்த சொல்லால் நுழையலாம். எவருடைய சொல்லும் அழிய வேண்டியதில்லை. அடைவினை அறிவுலகின் சனநாயக நிறுவனம் எனக் கூறுவது மிகையாகாது.

தேடற்பெட்டி வந்தபின் அடைவு எதற்கு என்பது மற்றொரு வினா. தேடற்பெட்டி பொதுவாக இட்ட எழுத்துகளையே தேடும். 'மடக்கு' என இட்டவருக்கு 'மீள்செயல்' என எழுதிய பக்கம் தோன்றவேண்டுமாயின், இரண்டும் ஒன்றெனும் செய்தியை எவரேனும் ஓரிடத்தில் பதிந்திருத்தல் வேண்டும். அச்செய்தியே அடைவுப் பதிவு. அன்றியும் 'வரை' எனத் தேடினால் நூலின் எல்லாப் பக்கங்களும் எழுந்து வரும். வேண்டிய ஒன்றைத் தெரிந்து தருவது மனிதத் தீர்ப்பே. இயந்திரத்தின் விரைவு அத்தீர்ப்பின் தேவையைக் குறைக்கவில்லை, அதனை மறைத்திருக்கின்றது.

செய்யத்தக்கது

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று பெறப்படும். நிகண்டின் வாசகர் மனனம் செய்தவர். அகராதியின் வாசகர் எழுத்தறிந்தவர். இன்றைய கையேட்டின் வாசகர் தேவையை அறிந்து பெயரை அறியாதவர். ஒவ்வொரு காலத்தும் புதிய வாசகர் கூட்டம் ஒன்று உருவாகி அதற்கேற்ற அடைவினை வேண்டி நின்றது. மூன்றாம் கூட்டத்தின் தேவைக்கு இன்னும் தக்க விடை அளிக்கப்படவில்லை.

அவ்விடை பெருஞ்செலவை வேண்டுவதன்று. தமிழ்மொழி மூல உயர்தரப் பாடநூலின் செய்நிரற் பகுதியையும் தமிழகத்துப் பாடநூல்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்து, இருகரைக் கலைச்சொற்களையும் ஒன்றுக்கொன்று வழிகாட்டும் பொருளடைவு ஒன்றைத் தொகுத்தல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்றின் ஆற்றலுக்கு உட்பட்டதே. தமிழ் பயிலும் மாணாக்கர் பல்பொருட் சொற்களுக்கு விளக்கம் எழுதலாம். கணினி பயிலும் மாணாக்கர் செய்திகளின் திருத்தத்தைச் சரிபார்க்கலாம். தொகுத்ததை அச்சிடுமுன், பாடத்தை இவ்வாண்டு தொடங்கிய பாடசாலை மாணவர் சிலரிடம் கொடுத்து, அவர்கள் முதலில் எந்தச் சொல்லின்கீழ்த் தேடுகின்றனர் என்பதைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அவர்கள் தேடிக் காணாத சொல் ஒவ்வொன்றும் சேர்க்கப்படவேண்டிய ஒரு பதிவு.